யானையைக் கைமாற்றும் கேமராக்கள்: எதற்குக் காப்புரிமை கிடைக்கும்?

கோவையிலிருந்து பாலக்காடு போகும் ரயில் பாதை, எட்டிமடைக்கும் வாளையாருக்கும் நடுவே ஏ லைன், பி லைன் என்று இரண்டாகப் பிரிந்து காட்டுக்குள் ஓடுகிறது. மலையிலிருந்து இறங்கி வரும் யானைகள் இரண்டையும் தாண்டியாக வேண்டும். 2021 நவம்பர் 26 இரவு நவக்கரை அருகே மங்களூரு - சென்னை ரயில் மோதி மூன்று யானைகள் செத்துப்போயின. அதன் பிறகு 2024 பிப்ரவரியில் மதுக்கரை வனச்சரகத்தில் தமிழ்நாடு வனத்துறை 12 கோபுரங்களில் கேமராக்களை ஏற்றி, யானை தண்டவாளத்தை நெருங்கினால் எச்சரிக்கும் செயற்கை நுண்ணறிவு அமைப்பைத் தொடங்கியது.

அதிலிருந்து இந்தப் பக்கத்துப் பொறியியல் கல்லூரிகளில் யானை பிடிக்கும் கேமராவுக்குக் குறைவில்லை. ப்ராஜெக்ட் முடிந்ததும் வரும் முதல் கேள்வி, “இதைப் பேட்டன்ட் பண்ணலாமா சார்?” பல கேமராக்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டு ஒரே பொருளைத் தொடரும் அமைப்புக்குக் காப்புரிமை உண்டா என்பதற்கு ஒற்றைச் சொல்லில் பதில் கிடையாது. அந்த அமைப்புக்குள் எந்த இடத்தில் உண்மையான சிக்கல் இருக்கிறது என்று பார்த்தால்தான் பதிலும் தெரியும். ஆகவே முதலில் யானையைப் பார்ப்போம், சட்டம் அப்புறம்.

ஒரு கேமராவுக்குள் யானையைக் கண்டுபிடிப்பது இன்று பெரிய வித்தை இல்லை. படத்தில் யானையைச் சுற்றி ஒரு பெட்டி வரைய, பழக்கப்படுத்திய நரம்பு வலைப்பின்னல்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. இந்த ஃபிரேமில் உள்ள பெட்டியும் அடுத்த ஃபிரேமில் உள்ள பெட்டியும் ஒரே யானைதான் என்று கோப்பதும் பழைய வேலையே. 1960-இல் ருடால்ஃப் கால்மன் எழுதிய வடிகட்டிக் கணக்கு இன்றும் அதற்குக் கை கொடுக்கிறது. பொருள் எங்கே இருந்தது, எந்த வேகத்தில் போனது என்பதிலிருந்து அடுத்த நொடி எங்கே இருக்கும் என்று அது ஊகிக்கும். அந்த ஊகத்தில் எவ்வளவு தவறு இருக்கலாம் என்பதையும் கூடவே சொல்லும். இந்த இரண்டாவது விஷயம்தான் முக்கியம். யானை உண்ணிச்செடிப் புதருக்குள் மறைந்துவிட்டால், எங்கே இருக்கலாம் என்ற சந்தேக வட்டம் நொடிக்கு நொடி விரியும். யானை மணிக்கு 5 கிலோமீட்டர் நடப்பதாக வைத்தால், நொடிக்கு 1.4 மீட்டர். அரை நிமிடம் கண்ணில் படவில்லை என்றால் 40 மீட்டருக்கு மேல் எந்தப் பக்கமும் போயிருக்கலாம்.

சிக்கல் தொடங்குவது அந்த யானை அடுத்த கேமராவின் எல்லைக்குள் வெளிப்படும்போது. ஷாப்பிங் மாலில் சிவப்புச் சட்டைக்காரரை ஒரு கேமரா விட்டால் இன்னொரு கேமரா சட்டை நிறத்தை வைத்தே பிடித்துவிடும். இரவுக் காட்டில் பார்ப்பது வெப்பக் கேமரா. 8 முதல் 14 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில், உடலிலிருந்து வரும் வெப்பக் கதிரைத்தான் அது படமாக்குகிறது. அதில் நிறமே கிடையாது. கூட்டத்தில் உள்ள எல்லா யானையும் ஒரே வெளிறிய திட்டுதான். போதாக்குறைக்கு, காலையிலும் மாலையிலும் கொஞ்ச நேரம் பாறையும் யானைத் தோலும் ஏறக்குறைய ஒரே வெப்பநிலைக்கு வந்துவிட, யானை பின்னணியோடு கரைந்துபோகும். சரி, தோற்றம் உதவாது என்றால் மிஞ்சுவது இடமும் நேரமும்தான். “இந்த நேரத்தில் இந்த இடத்தில் இருந்தது, ஆகவே நீ பார்ப்பதும் அதே யானைதான்” என்று ஒரு கேமரா இன்னொன்றுக்குச் சொல்ல வேண்டும்.

நேரம் என்றால் இரண்டு கேமராவின் கடிகாரமும் ஒத்துப்போக வேண்டும். தாயும் குட்டியும் மூன்று மீட்டர் இடைவெளியில் வரிசையாக நடக்கும்போது, கடிகாரங்கள் இரண்டு நொடி விலகியிருந்தாலே போதும், தாயின் அடையாளம் குட்டிக்குப் போய்விடும்.

இடம் இன்னும் படுத்தும். கேமராப் படத்தில் உள்ள புள்ளியைத் தரையில் உள்ள இடமாக மாற்ற, யானையின் பாதம் படும் புள்ளியை, அதாவது பெட்டியின் அடிக்கோட்டை எடுத்துக்கொள்வது வழக்கம். பாதம் புதருக்குள் மறைந்திருந்தால்? கேமரா 10 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, யானை 100 மீட்டர் தள்ளி நிற்கிறது, கீழே ஒரு மீட்டர் உயரத்துக்குச் செடி என்று வைத்துக்கொள்ளுங்கள். கேமராவுக்குத் தெரியும் ‘அடி’, உண்மையில் தரைக்கு ஒரு மீட்டர் மேலே இருக்கிறது. அந்தப் பார்வைக் கோட்டை நீட்டினால் அது தரையைத் தொடுவது 111 மீட்டரில். அதாவது யானை இருக்கும் இடத்தைவிட 11 மீட்டர் தள்ளி இருப்பதாகக் கணக்கு வரும். கேமரா தண்டவாளத்தின் ஓரத்தில் இருந்தால், ஆபத்து நெருங்கியிருக்கும்போதே “இன்னும் தூரம் இருக்கிறது” என்று அது சொல்லும். எதிர்ப்பக்கம் 200 மீட்டரில் இன்னொரு கேமரா இருந்தால் அதற்கும் இதே பிழைதான், ஆனால் எதிர்த்திசையில். இரண்டு கேமராவும் சொல்லும் இடங்களுக்கு நடுவே 22 மீட்டர் இடைவெளி விழும். ஒற்றை யானை நிற்கும் இடத்தில் இரண்டு யானை நிற்பதாகத் திரையில் தெரியும்.

இப்போது சட்டத்துக்கு வரலாம். மாணவர் எழுதிவரும் உரிமைக்கோரல், அதாவது எதற்குக் காப்புரிமை கேட்கிறோம் என்று சொல்லும் வாசகம், பெரும்பாலும் இப்படி இருக்கும்: “முதல் கேமரா ஒரு பொருளைக் கண்டறிந்து, அதன் இருப்பிடத்தை இரண்டாவது கேமராவுக்கு அனுப்ப, இரண்டாவது கேமரா அப்பொருளைத் தொடர்ந்து பின்தொடரும் அமைப்பு.” இதற்குக் கிடைக்காது. முதல் காரணம், இது புதிதல்ல. அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி அமைப்பான தார்பாவின் பணத்தில் 1997-இல் தொடங்கிய வீசாம் திட்டத்தில், கார்னெகி மெலன் பல்கலைக்கழகம் ஒரு வளாகம் முழுக்கக் கேமராக்களை வைத்து, ஒன்று விட்டதை இன்னொன்று பிடிக்கும்படி செய்துகாட்டிவிட்டது.

இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. அந்த வாசகத்தில் கேமரா என்று வரும் இடமெல்லாம் வேட்டைத் தடுப்புக் காவலர் என்று மாற்றிப் படித்துப் பாருங்கள். ஒரு காவலர் யானையைப் பார்க்கிறார், வாக்கி டாக்கியில் அடுத்த ஆளிடம் “ரெண்டு கொம்பன் அந்தப் பக்கம் வருது” என்கிறார், அவர் தொடர்கிறார். வாசகம் அப்படியே பொருந்துகிறது என்றால், அங்கே இருப்பது வெறும் யோசனை; கருவி அதைத் தூக்கிச் சுமக்கும் கூலியாள்தான். வெறும் யோசனைக்குக் காப்புரிமை கிடைக்காது. எந்த நாட்டுச் சட்டத்திலும் இது எழுதப்பட்ட சோதனை இல்லை, ஆனால் வரைவைத் திருத்த உட்காரும்போது இதைவிட வேகமான வடிகட்டி எனக்குத் தெரியாது.

யோசனைக்கும் கண்டுபிடிப்புக்கும் நடுவே கோட்டை எங்கே போடுவது என்று அமெரிக்க நீதிமன்றங்கள் பல வருடங்களாகத் தடுமாறி வருகின்றன. 2017-இல் வந்த தாலெஸ் விசியோனிக்ஸ் வழக்கு நம் விஷயத்துக்கு மிக நெருங்கியது. போர் விமானியின் தலைக்கவசத்தில் அசைவை அளக்கும் ஓர் உணரி (சென்சார்), விமானத்தில் ஓர் உணரி. இரண்டின் அளவீட்டையும் சேர்த்து, தரையை விட்டுவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும் விமானத்தையே அடிப்படையாக வைத்துத் தலையின் திசையைக் கணக்கிடுவது. உணரியும் பழசு, கணிதமும் பழசு. ஆனாலும் உணரிகளை வழக்கத்துக்கு மாறான இடத்தில் வைத்து, அதனால் பிழை குறைய வழி செய்ததால் அது வெறும் யோசனை இல்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது.

அதே நீதிமன்றம் 2021-இல் யூ எதிர் ஆப்பிள் வழக்கில் இரண்டு லென்ஸ், இரண்டு உணரி கொண்ட கேமராவையே தள்ளிவிட்டது. ஒரு படத்தை வைத்து இன்னொன்றை மேம்படுத்துவது பழைய யோசனை, உரிமைக்கோரலில் உள்ள பாகங்கள் எல்லாம் வழக்கமானவை என்பது பெரும்பான்மை நீதிபதிகளின் வாதம். மூவரில் ஒருவர் ஒப்பவில்லை. கையில் பிடிக்கக்கூடிய ஒரு கருவியை வெறும் யோசனை என்று எப்படிச் சொல்வது என்பது அவர் கட்சி. நானும் அந்தக் கட்சிதான். பழசு என்று தள்ளியிருந்தால் புரியும், கருவியே இல்லை என்றது புரியவில்லை. 2024 செப்டம்பரில் கான்டூர் எதிர் கோப்ரோ வழக்கில் காற்று மறுபடி திரும்பியது. ஒரே நேரத்தில் தரம் கூடியது, குறைந்தது என இரண்டு வீடியோ ஓடைகளை உருவாக்கி, குறைந்ததை மட்டும் கம்பியில்லாமல் ஃபோனுக்கு அனுப்பும் கேமரா அது. கேமரா இயங்கும் விதத்தையே இது மேம்படுத்துகிறது என்று ஏற்றுக்கொண்டார்கள்.

இந்தியாவில் கேள்வி வேறு வாசல் வழியாக வருகிறது. 1970-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு கணித முறை, வணிக முறை, வெறும் கணினி நிரல், அல்காரிதம் ஆகியவற்றுக்குக் காப்புரிமை இல்லை என்கிறது. ‘வெறும்’ என்பதில்தான் பிடி இருக்கிறது. 2019 டிசம்பரில் ஃபெரித் அல்லானி வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம், கணினி நிரலை அடிப்படையாகக் கொண்ட கண்டுபிடிப்பு என்பதற்காக மட்டும் தள்ளக்கூடாது, தொழில்நுட்ப விளைவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றது. புது வன்பொருள் இருந்தே ஆக வேண்டும் என்று 2016-இல் வந்த காப்புரிமை அலுவலக வழிகாட்டுதலும் மறு வருடமே கைவிடப்பட்டது. ஆகவே உரிமைக்கோரலில் ‘ஒரு செயலி, ஒரு நினைவகம்’ என்று அடுக்குவதால் பயன் இல்லை. 3(கே) தாண்டினாலும், துறை தெரிந்தவருக்கு எளிதில் தோன்றாத தொழில்நுட்ப முன்னேற்றம் என்று தனியாக நிரூபிக்க வேண்டும்.

அப்படியானால் எதை எழுதலாம்? மேலே சொன்ன 22 மீட்டருக்குத் திரும்புங்கள். இரண்டு கேமராவின் பிழையும் எதிரெதிர்த் திசையில் விழுகிறது. அந்த இடைவெளியிலிருந்து மறைக்கும் செடியின் உயரத்தைக் கணக்கிட்டு, திருத்திய இடத்தையும் சந்தேக வட்டத்தையும் மட்டும் ஒரு சின்னச் செய்தியாக அடுத்த கேமராவுக்கு அனுப்பி, அது அந்த வட்டத்துக்குள் மட்டும் தேடும்படி திருப்புவது. வாக்கி டாக்கிக் காவலர் இதைச் செய்வதில்லை. கேமரா எங்கே, எந்த உயரத்தில், என்ன அனுப்பப்படுகிறது, அதனால் எந்தப் பிழை எவ்வளவு குறைகிறது என்பதெல்லாம் வாசகத்திலேயே இருக்கிறது. இதுவும் யாராவது முன்பே வெளியிட்டதா என்று தேடித்தான் ஆக வேண்டும், ஆனால் குறைந்தபட்சம் பேச்சு சரியான இடத்தில் நடக்கும்.

ஒரு பெரிய கவலை, வெள்ளோட்டம். விண்ணப்பிக்கும் முன் பொதுவெளியில் காட்டிவிட்டால் புதுமை போய்விடும். யானையை ஆய்வுக்கூடத்துக்குள் அழைத்துவரவும் முடியாது. இதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. கண்டுபிடிப்பின் தன்மையால் பொதுவெளியில்தான் சோதிக்க முடியும் என்றால், விண்ணப்பத்துக்கு முந்தைய ஓராண்டுக்குள் நியாயமான சோதனைக்காக மட்டும் இயக்கியதை 32-ஆம் பிரிவு குற்றமாகக் கொள்ளாது. அமைப்பை ஆராய்ந்து பார்க்கச் சொல்லி அரசிடம் தெரிவித்ததும் 30-ஆம் பிரிவின்படி பாதிக்காது. யூட்யூபில் போட்ட டெமோவுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. பசங்கள் செய்யும் முதல் வேலை அதுதான்.

வாளையாருக்கு இந்தப் பக்கம் இருந்தாலும் அந்தப் பக்கம் கஞ்சிக்கோட்டில் இருந்தாலும் விண்ணப்பம் போவது கிண்டியில் உள்ள சென்னைக் காப்புரிமை அலுவலகத்துக்கே. தனிநபர் இணையத்தில் தாக்கல் செய்ய அடிப்படைக் கட்டணம் 1,600 ரூபாய். முதலில் தற்காலிக விவரணம், அதாவது கண்டுபிடிப்பின் முதற்கட்ட விளக்கம், கொடுத்துத் தேதியைப் பிடித்துவிட்டு, முழு விவரணத்தை 12 மாதத்துக்குள் தரலாம். அந்த ஓராண்டில் கோடையும் வரும், தென்மேற்குப் பருவமழையும் வரும். செடி வளர்ந்திருக்கும்போது ஒரு யானை இரண்டாகத் தெரிந்த தடவைகள் எத்தனை, திருத்தம் போட்ட பிறகு எத்தனை என்று பருவவாரியாக எண்ணி எழுதி முழு விவரணத்தில் சேர்த்தால், தொழில்நுட்ப விளைவு எங்கே என்று காப்புரிமை அலுவலகப் பரிசோதகர் கேட்கும்போது காட்ட அந்த அட்டவணை இருக்கும்.