எட்டு நாளில் தசை வளராது, பலம் வளரும்

ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "மாமியாருக்கு 82 வயது. நிமோனியா என்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். காய்ச்சல் விட்ட மறுநாளே ஃபிசியோதெரபி பெண் வந்து, 'பாட்டி, நாற்காலியில உட்காருங்க, காலை நீட்டி மடக்குங்க, இப்ப கையை ஊன்றாம எழுந்திருங்க' என்று படுத்துகிறார். ஒரு வாரத்தில் டிஸ்சார்ஜ். அதற்குள் நாலு தடவை எழுந்து உட்கார்ந்தால் என்ன தசை வந்துவிடப்போகிறது?"

ஒரு வாரத்தில் தசை வராது என்று அவர் சொல்வது முழுக்கச் சரி. ஆனால் பலம் வரும். அதெப்படி என்று பார்ப்பதற்கு முன்னால், சும்மா படுத்திருந்தால் என்ன ஆகும் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

2007இல் அமெரிக்காவில் ஒரு சோதனை. எந்த நோயும் இல்லாத 12 பேர், சராசரி வயது 67. பத்து நாள் படுக்கையை விட்டு எழாமல் இருந்தார்கள். கால்களில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை போயிற்று; முழங்காலை நீட்டும் பலம் சுமார் 16 சதவீதம் குறைந்தது. இவர்கள் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆரோக்கியமானவர்கள். வார்டில் இருப்பவருக்குக் காய்ச்சலும் பசியின்மையும் உடம்புக்குள் அழற்சியும் சேர்ந்துகொள்ளும். படுக்கையின் ஆபத்தைப் பற்றி ரிச்சர்ட் ஆஷர் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1947லேயே எழுதிவிட்டார். ஆனாலும் 2009இல் அமெரிக்க முதியவர்களின் காலில் கருவி கட்டி அளந்தபோது, ஆஸ்பத்திரியில் இருந்த நேரத்தில் 83 சதவீதத்தைப் படுத்தே கழித்தது தெரிந்தது.

சரி, பலத்துக்கு வருவோம். தசை தானாகச் சுருங்காது. முதுகுத்தண்டிலிருந்து வரும் ஒவ்வொரு இயக்க நரம்பணுவும் தன் பங்குக்குச் சில தசை நார்களை வைத்திருக்கிறது. சில நரம்பணுக்களிடம் பத்து இருபது நார்கள், சிலவற்றிடம் நூற்றுக்கணக்கில். ஒரு நரம்பணுவும் அதன் நார்களும் சேர்ந்தது ஓர் இயக்க அலகு. எல்வுட் ஹென்னமன் என்ற உடலியல் ஆய்வாளர் 1965இல் காட்டியது இதுதான்: வேலை லேசாக இருந்தால் சின்ன அலகுகள் மட்டும் கிளம்பும், பாரம் ஏற ஏறத்தான் பெரியவை வந்து சேரும். வரிசை மாறாது. தேர் இழுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். வடத்தில் இருநூறு பேர் கை வைத்திருப்பார்கள், ஆனால் நிஜமாக இழுப்பவர் எண்பது பேராக இருக்கலாம். புதிதாக ஆள் சேர்க்காமலே தேரை நகர்த்த வழி உண்டு: சும்மா நிற்பவரையும் இழுக்கவைப்பது, அவர்களை அடுத்தடுத்து வேகமாக இழுக்கவைப்பது, எதிர்ப்பக்கம் இழுப்பவரை விடச்சொல்வது. நரம்பு மண்டலமும் இந்த மூன்றையும் செய்கிறது. தூங்கும் பெரிய அலகுகளை எழுப்புகிறது. நொடிக்கு அனுப்பும் துடிப்புகளைக் கூட்டுகிறது. முழங்காலை நீட்டும்போது தொடையின் பின்பக்கத் தசை பயத்தில் இறுகி எதிராக இழுக்குமே, அதைத் தளர்த்துகிறது.

'சும்மா நிற்பவர்' இருக்கிறாரா என்று எப்படித் தெரியும்? இங்கேதான் எனக்குப் பிடித்த பரிசோதனை வருகிறது. 1954இல் பி. ஏ. மெர்ட்டன் என்ற உடலியல் ஆய்வாளர் கட்டை விரலின் ஒரு தசையை எடுத்துக்கொண்டார். ஆளை முழு மூச்சாக அழுத்தச் சொல்லி, அழுத்திக்கொண்டிருக்கும்போதே அதன் நரம்பில் ஒரு சின்ன மின் அதிர்ச்சி கொடுத்தார். எல்லா நார்களும் ஏற்கெனவே முழுசாக வேலை செய்துகொண்டிருந்தால் அதிர்ச்சியால் எதுவும் கூடாது. வரைபடத்தில் கோடு அசையாமல் நிற்கும். எங்கேயோ கொஞ்சம் மிச்சம் இருந்தால், அந்தக் கணத்தில் கோட்டில் ஒரு குட்டித் துள்ளல் தெரியும். அந்தத் துள்ளலின் உயரம்தான் மூளை பயன்படுத்தாமல் விட்ட பலம். 'என்னால் இதற்கு மேல் முடியாது' என்று ஒருவர் சொல்வதில் தசை எவ்வளவு, நரம்பு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லும் தராசு இது. ஒரு சொட்டு ரத்தம் எடுக்காமல்!

இன்னொரு சாட்சி அதைவிடப் பழையது. 1894இல் யேல் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஸ்கிரிப்ச்சர் ஒரு கைக்கு மட்டும் பயிற்சி கொடுத்துப் பார்த்தார். சும்மா இருந்த மறு கைக்கும் பலம் கூடியது. அசையாத கையில் தசை எப்படி வளரும்? மாறியது மேலே, மூளையிலும் தண்டுவடத்திலும். ஒரு காலில் மாவுக்கட்டு போட்டவருக்கு அடுத்த காலில் பயிற்சி கொடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கணக்கைப் பார்த்தால் இன்னும் தெளிவு. 1990இல் பாஸ்டன் முதியோர் இல்லம் ஒன்றில் மரியா ஃபியட்டரோனின் குழு, சராசரியாக 90 வயதை எட்டிய சிலருக்கு எட்டு வாரம் கால்களுக்கு எடைப் பயிற்சி கொடுத்தது. கால் பலம் சராசரி 174 சதவீதம் கூடியது. தொடைத் தசையின் பருமனோ 9 சதவீதம்தான். மிச்சத்தில் பெரும்பங்கு நரம்பு ஏற்கெனவே கையில் இருந்ததை எடுத்துக் கொடுத்தது.

இதற்கு நாற்காலி எதற்கு? பெரிய அலகுகள் பெரிய பாரத்துக்குத்தான் வரும் என்றேன் அல்லவா. முப்பது வயதுக்காரருக்கு நாற்காலியிலிருந்து எழுவது ஒரு விஷயமே இல்லை, சின்ன அலகுகளே பார்த்துக்கொள்ளும். நோயில் தளர்ந்த 82 வயதுக்காரருக்கு அதே எழுச்சி அவருடைய முழுப் பலத்தையும் கேட்கும். அவருக்கு அதுவே பளு தூக்குதல். முகம் சிவந்து, தொடை நடுங்கி, மூன்றாவது முயற்சியில் எழுகிறாரே, அந்த நடுக்கத்தின்போதுதான் தூங்கிய அலகுகளுக்குக் கூப்பாடு போகிறது. ஜிம் எதற்கு?

ஆஸ்பத்திரியில் இது நடக்குமா என்பதற்கு ஸ்பெயினின் பாம்ப்லோனா நகரில் நல்ல விடை கிடைத்தது, 2019இல் வெளியானது. தீவிர நோயோடு சேர்க்கப்பட்ட 370 பேர், சராசரி வயது 87. பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மீதிப் பேருக்குக் கூடவே தினம் காலையும் மாலையும் சுமார் 20 நிமிடப் பயிற்சி: நாற்காலியிலிருந்து எழுவது, கருவிகளில் லேசான எடையைக் காலால் தள்ளுவது, கணுக்காலில் அரை கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை கட்டிக்கொண்டு முழங்காலை நீட்டுவது, தாழ்வாரத்தில் நடை. குளிப்பது, உடுத்துவது, கழிப்பறை போவது போன்றவற்றை 100 மதிப்பெண்ணுக்கு அளக்கும் அட்டவணை ஒன்று உண்டு. வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்கள் வீட்டுக்குப் போகும்போது 5 மதிப்பெண் இழந்திருந்தார்கள். பயிற்சி செய்தவர்கள் 1.9 மதிப்பெண் கூடுதலாகப் பெற்றிருந்தார்கள். இதில் பயிற்சி செய்த நாட்கள் பெரும்பாலும் ஐந்து முதல் ஏழுதான்.

இதற்கு நேர்மாறான கதையும் இருக்கிறது. தசையை வளர்க்கும் பிமாக்ருமாப் என்ற ஊசி மருந்தை முதியவர்களிடம் சோதித்த முடிவு 2020இல் வந்தது. தசை நன்றாகவே கூடியது. ஆனால் நடை, எழுந்து நிற்றல் சோதனைகளில் ஊசி போட்டவர்கள் போலி ஊசி போட்டவர்களைவிட முந்தவில்லை. இரண்டு குழுவுக்கும் சத்துணவும் வீட்டில் செய்ய லேசான உடற்பயிற்சியும் கொடுத்திருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். இந்த மாதிரி மருந்துக்குப் பெரிய கம்பெனி பணம் போடும், ஏனென்றால் காப்புரிமை உண்டு. நாற்காலிக்குக் காப்புரிமை வாங்க முடியாது. அதனால் இந்த ஆராய்ச்சிக்கு அரசுப் பணம்தான் வரவேண்டும், அது சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது. எனக்கு இதில் ஆத்திரம் உண்டு.

நம் வார்டுகளில் இன்னொரு தடை இருக்கிறது, அதற்குப் பணம் காரணம் இல்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரே நாற்காலியில் பார்க்க வந்தவர் உட்கார்ந்திருப்பார். நோயாளி படுத்திருப்பார். அவர் எழுந்தால், 'ஐயோ, படுங்க, நான் ஊட்டிவிடறேன்' என்று நாலு பேர் ஓடிவருவார்கள். பாசம்தான், சந்தேகமில்லை. ஆனால் சாப்பாட்டுக்கு மட்டுமாவது அந்த நாற்காலியை அவருக்குக் கொடுத்தால் ஒரு நாளில் மூன்று முறை எழுந்து உட்காருவார்.

செய்யும் விதத்தில் சில ஜாக்கிரதைகள். மாரடைப்பு, எலும்பு முறிவு, காலில் ரத்தக்கட்டு இருந்தால் மருத்துவர் சொல்லாமல் தொடங்க வேண்டாம். படுத்தவரைச் சட்டென்று நிறுத்தக்கூடாது. எழும்போது அரை லிட்டருக்கு மேல் ரத்தம் கீழே இறங்கும், தலை சுற்றும். கட்டில் ஓரத்தில் சில நிமிடம் உட்காரவைத்துப் பாதத்தை மேலும் கீழும் ஆட்டச்சொன்னால் கெண்டைக்கால் தசை ரத்தத்தை மேலே தள்ளிவிடும். டிரிப்ஸ் குழாயும் மூத்திரப் பையும் இழுபடாத பக்கம் நாற்காலியைப் போடுங்கள். சக்கரம் வைத்தது ஆகாது, நாற்காலியின் முதுகு சுவரை ஒட்டியிருக்கட்டும். நெஞ்சு வலி, மூச்சிரைப்பு, கிறுகிறுப்பு என்றால் அங்கேயே நிறுத்திவிட்டு நர்ஸைக் கூப்பிடுங்கள். அப்புறம் உயரம்: இருக்கை தாழ்ந்திருந்தால் எழுவது கடினம். முதலில் நழுவாத கெட்டி மெத்தைத் துண்டு ஒன்றைப் போட்டு உயர்த்தி, கைப்பிடியை ஊன்றி எழட்டும். எட்டு தடவை சிரமமில்லாமல் வந்தால் ஊன்றுவதைக் குறைக்கலாம், அதுவும் சுலபமாகிவிட்டால் மெத்தையை எடுத்துவிடலாம்.