பானைச் சுவருக்குள் வண்டு

"விவசாயம் வந்த பிறகுதானே பானை வந்தது? ஜப்பானில் வேட்டையாடிகளே பானை செய்தார்கள் என்கிறார்களே?" என்று ஒரு வாசகர் கேட்கிறார். செய்தார்கள். வட ஜப்பானின் ஆவோமோரிப் பகுதியில், ஓடாய் யமமோட்டோவில் கிடைத்த பானை ஓடுகளின் வயது சுமார் 16,000 ஆண்டுகள். இந்த வேட்டையாடிகளை ஜோமோன் மக்கள் என்பார்கள். அவர்களின் ஆதிப் பானைகளில் கருகி ஒட்டியிருந்ததை ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார்கள். பெரும்பாலும் மீன் போன்ற நீர்வாழ் உயிர்களின் கொழுப்பு. நெல் பயிரிடுவதெல்லாம் வெகுகாலம் கழித்துத்தான்.

சரி, எனக்குப் பிடித்த வண்டுக்கு வருகிறேன்.

பிசையும் களிமண்ணில் ஒரு பூச்சி சிக்கிக்கொள்கிறது. சுடும்போது பூச்சி எரிந்துபோகும், சுற்றியுள்ள மண் அதன் வடிவத்திலேயே இறுகிவிடும். குமமோட்டோ பல்கலைக்கழகத்தின் ஹிரோகி ஒபாட்டா குழுவினர் அந்தக் குழியில் சிலிக்கோனைச் செலுத்தி, இறுகியதும் உருவி எடுத்து, மின்னணு நுண்ணோக்கியில் வைத்தார்கள். நீண்ட மூக்கும் முதுகில் வரிசைவரிசையான புள்ளிகளுமாக ஒரு கூன்வண்டு! இன்றும் அரிசி மூட்டையில் ஊர்கிற இனம்தான்.

அகழ்வில் கிடைக்கும் கருகிய தானியத்தை அப்படியே நம்பிவிட முடியாது. எறும்பு வளை வழியாகப் பிற்காலத்து மணி கீழே இறங்கியிருக்கலாம். சுட்ட பானையின் சுவருக்குள் எந்த வண்டும் புக முடியாதே! பானையின் வயதுதான் வண்டின் வயது.

தெற்கு ஜப்பானின் தனெகாஷிமா தீவில் கிடைத்த தடங்கள் 10,000 ஆண்டுகளுக்கும் பழையவை. நெல்லோடு சேர்ந்து இந்த வண்டு ஜப்பானுக்கு வந்தது என்ற பழைய கருத்து அதோடு போயிற்று. செஸ்ட்நட் என்ற மரக்கொட்டையையும் ஓக் கொட்டையையும் மக்கள் சேமித்தார்கள், வண்டு அதைத் தின்று பெருகியது.

அருங்காட்சியகத்தில் கூட்டம் கூடுவது தீச்சுடர் போல விளிம்பு எழும்பிய பானைகளைச் சுற்றித்தான். இந்தச் சேதியைச் சொன்னவையோ கிடங்கில் கிடந்த சாதாரண ஓடுகள். புதிதாகத் தோண்டத் தருகிற நிதியில் கொஞ்சத்தைக் கிடங்குகளுக்கும் தரலாம்.

ஜப்பானின் வடகோடித் தீவான ஹொக்கைடோவின் தாதேசாகியில் கிடைத்த ஒரு பானையை எக்ஸ்ரே சிடி எடுத்தபோது, சுவருக்குள் சுமார் 500 வண்டுகளின் தடங்கள்! செஸ்ட்நட் அங்கே இயற்கையாக வளரும் மரமல்ல. தெற்கிலிருந்து சுகரு நீரிணையைக் கடந்து படகில் போயிருக்க வேண்டும், வண்டும் கூடவே. ஒன்றிரண்டு என்றால் தற்செயல் எனலாம். 500 என்றால் யாரோ வேண்டுமென்றே அள்ளிப் போட்டுப் பிசைந்திருக்கிறார்கள். செஸ்ட்நட் நிறைய விளையட்டும் என்ற வேண்டுதல் என்கிறது ஒரு விளக்கம். காரணம் புரியாததையெல்லாம் சடங்கு என்று சொல்லிவிடுவது தொல்லியலாளர்களின் பழக்கம். எனக்கென்னவோ இந்த ஒரு முறை அவர்கள் சொல்வது சரியாக இருக்கலாம் என்றே படுகிறது.