மோட்டார் சைக்கிள் கிளட்ச் இறுகுதென்று லிவர் மாற்ற வருகிறவர்களுக்கு

"அண்ணை, கிளட்ச் கல்லு மாதிரிக் கிடக்கு, ஒரு சோர்ட் லிவர் போட்டு விடுங்கோ" என்று கையில் அந்தக் குட்டை லிவர்ப் பெட்டியோடேயே வருகிற தம்பிமார் இப்போது கனபேர். சிவப்பு, நீலம், தங்க நிறம் என்று பார்க்க வடிவாகத்தான் இருக்கும். ஆனால் கிளட்ச் இறுகினால் குற்றம் லிவரில் இருப்பது குறைவு, லிவரிலிருந்து எஞ்சினுக்குப் போகிற வயரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். எங்கள் பக்கத்துக் கிறவல் வீதிப் புழுதி கோடை முழுக்க வயர் உறைக்குள் போய்ச் சேரும், மாரியில் அதோடு தண்ணீரும் சேர்ந்தால் உள்ளே கறள் பிடிக்காமல் என்ன செய்யும்?

வீட்டிலேயே பார்க்கலாம். எஞ்சினை நிறுத்தி, வயரின் கீழ் நுனியை எஞ்சின் பக்கம் கழற்றிவிட்டு லிவரைப் பிடியுங்கள். இப்போது ஸ்பிரிங்கின் பாரம் இல்லை, லிவர் வழுக்கிக்கொண்டு வர வேண்டும். அப்போதும் பிடித்துப் பிடித்து வந்தால் கோளாறு வயரில், அல்லது லிவர் ஆடுகிற போல்ட்டில். போல்ட்டைக் கழற்றித் துடைத்துக் கொஞ்சமாகக் கிரீஸ் போடுங்கள், அப்பிப் பூசினால் புழுதி ஒட்டி அதுவே அரம் போட ஆரம்பிக்கும். வயரை மாற்றினாலே கனபேருக்குப் புது லிவர் ஆசை போய்விடும்.

வயரைக் கழற்றிப் பிடிக்கும்போது லிவர் வழுக்கிக்கொண்டு வந்தால் எஞ்சின் பக்கம் பார்க்க வேண்டும், அது லிவர் மாற்றித் தீருகிற வேலையே இல்லை.

சரி, ஆசைக்குத்தான் போடுகிறீர்கள் என்றால் நான் தடுக்கவில்லை. கடையிலேயே பழைய லிவரையும் புதியதையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். போல்ட் ஓட்டையின் நடுவிலிருந்து வயரின் நுனிக் குண்டு இருக்கிற ஓட்டையின் நடுவுக்கு எவ்வளவு தூரம் என்பதுதான் முழுக் கதையும். பழையதில் அது 30 மில்லிமீற்றர், புதியதில் 27 என்று வையுங்கள். லிவரை அதே அளவு பிடித்தாலும் வயர் பத்தில் ஒரு பங்கு குறைவாக இழுபடும். கைக்கு இலேசாக இருக்கும், ஆனால் எஞ்சினுக்குள் இருக்கிற கிளட்ச் பிளேட்டுகள் முழுதாகப் பிரியாது. நியூட்ரல் விழாது, கியர் போடும்போது சத்தம் வரும், சந்தியில் கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதே வண்டி முன்னுக்குத் தள்ளும். தூரம் கூடினால் நன்றாகப் பிரியும், கைதான் நோகும். சோர்ட் லிவரில் இன்னொன்று, விரல் வைக்கிற இடம் போல்ட்டுக்குக் கிட்ட வருவதால் பாரம் கூடத்தான் செய்யும், குறையாது. இலேசாக வேண்டும் என்று அதை வாங்குகிறவர்களை நினைத்தால் எனக்குச் சிரிப்புத்தான்.

அந்தக் குண்டு லிவரின் ஓட்டைக்குள் சுழலவும் வேண்டும். மலிவுச் சாமான்களில் ஓட்டை இறுக்கமாக இருக்கும், குண்டு திரும்பாது, ஒவ்வொரு பிடிக்கும் கம்பி அதே இடத்தில் மடிந்து இழை இழையாக அறும். லிவர் நுனியில் 10 முதல் 20 மில்லிமீற்றர் வரை சும்மா ஆடவிட வேண்டும். அப்புறம் ஹாண்டிலை இரண்டு பக்கமும் முழுதாக வெட்டிப் பார்த்து, அந்த ஆட்டம் மாறுகிறதா என்று கவனியுங்கள். ஆட்டமே இல்லாமல் இறுக்கினால் பிளேட் வழுக்கும், எஞ்சின் கத்தும், வண்டி போகாது, பிளேட் கருகும்.

கிளட்ச்சோடு போனால் பரவாயில்லை. இந்த லிவர்கள் சோடியாகத்தான் விற்பனைக்கு வரும், மற்றது முன் டிஸ்க் பிறேக்குக்கு. எனக்குப் பயம் அதில்தான். லிவரின் அடி, பிறேக் ஒயிலைத் தள்ளுகிற பிறேக் மாஸ்டரின் பிஸ்டனை எப்போதும் ஒரு துளி அமத்திக்கொண்டிருந்தால் ஒயில் தாங்கிக்குத் திரும்பிப் போகிற சின்னத் துளை மூடியே இருக்கும். ஓட ஓட டிஸ்க் சூடாகும், ஒயில் விரியும், போக வழியில்லாமல் டிஸ்க்கைப் பிடிக்கிற பிறேக் பாட்டைத் தானே அமத்தும், முன்சில்லு இறுகிக்கொண்டு வரும். ஏ9 வீதியில் நல்ல வேகத்தில் போகும்போது முன்சில்லு பிடித்தால் என்னாகும் என்று சொல்லத் தேவையில்லை. ஆகவே பிறேக் லிவரிலும் கொஞ்சம் வெற்று ஆட்டம் இருக்க வேண்டும். பூட்டிய பிறகு கொஞ்சத் தூரம் ஓடிவிட்டு, முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க எப்படியும் நிறுத்துவீர்கள்தானே, நியூட்ரலில் வண்டியைத் தள்ளிப் பாருங்கள். சில்லு இறுகி உருண்டால் அதோடு ஓட வேண்டாம். பின் சிவப்பு லைட் லிவரை விட்டதும் அணைகிறதா என்றும் பாருங்கள், சில லிவர்கள் சுவிச்சை ஒழுங்காகத் தொடாது.

நுனியில் உருண்டை இல்லாமல் கூராக வெட்டிய லிவரைச் சும்மா தந்தாலும் வாங்காதீர்கள், விழும்போது உடம்பில் குத்துகிறது அதுதான். ஹாண்டிலில் லிவர் தாங்கியை முறுக்கி முறுக்கி இறுக்கவும் வேண்டாம். ஓட்டத்தில் அசையாத அளவுக்கு இருந்தால் போதும், விழுந்தால் முறியாமல் திரும்பிக்கொள்ளும்.

கழற்றின கம்பனி லிவரை எறிந்துவிடாமல், ஒரு பழைய துணியில் சுற்றி சீற்றுக்கு அடியில், பொருந்துகிற ஸ்பானரோடு வையுங்கள். மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் பக்கம் காட்டு வழியில் புது லிவர் முறிந்தால், அந்த இடத்தில் உங்களுக்குச் சாமான் கடை ஒன்றும் கிடைக்காது.