நெல்வயல் பனியில் தலைக்கு ஓர் ஒளிவட்டம்

மார்கழி, தை மாதங்களில் காலை ஏழு மணி வாக்கில், டெல்டாவின் ஏதாவது ஒரு வரப்பில் சூரியனுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். நிழல் சம்பாப் பயிரின் மேல் நீளமாக விழுந்து கிடக்கும். அந்த நிழலின் தலையைச் சுற்றி மட்டும் பயிர் வெளுத்துப் பளிச்சென்று தெரியும். இடுப்பைச் சுற்றி அப்படி எதுவும் இருக்காது. நடந்தால் வெளிச்சமும் கூடவே நடக்கும். பக்கத்தில் நிற்கும் அண்ணனிடம் காட்டினால், "என் தலைக்குத்தான்டா இருக்கு, உனக்கு எங்க இருக்கு?" என்பார். இரண்டு பேர் சொல்வதும் சரி.

16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இத்தாலியச் சிற்பி பென்வெனூட்டோ செல்லினி தன் நிழலில் இதைக் கண்டபோது, சிறையில் தான் பட்ட பாட்டுக்குக் கடவுள் தந்த அருள் என்றே நம்பினார். புல்லில் பனி இருக்கும்போதுதான் நன்றாகத் தெரிகிறது என்பதையும் அவரே எழுதி வைத்திருக்கிறார். அதற்கு மேல் துருவிப் பார்க்க மனம் வரவில்லை போலும். தலைக்குப் பின்னால் ஒளி வந்தால் யாருக்குத்தான் அந்த மனம் வரும்!

பயிரில் காலையில் நிற்கும் தண்ணீர் எல்லாமே பனி இல்லை. மேகமில்லாத இரவில் இலை தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகிறது. காற்றின் ஈரம் அதன் மேல் பொடிப்பொடியாகப் படிகிறது. அது பனி. இலை நுனியில் பெரிதாக நிற்கும் துளியோ பயிருக்குள்ளிருந்து வந்தது. இரவில் இலைத்துளைகள் மூடிக்கொண்டாலும் வேர் தண்ணீரை ஏற்றிக்கொண்டே இருக்கும். அந்த அழுத்தத்தில் நுனியிலும் ஓரத்திலும் உள்ள தனித் துளைகள் வழியே நீர் கசிகிறது. மேகம் மூடி, பனி இறங்காத இரவிலும் இந்தத் துளியைப் பார்க்கலாம்.

சரி, வெளிச்சம் எப்படி வருகிறது? நெல் இலையின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெழுகு மேடுகள் உண்டு. அதனால் தண்ணீர் பரவாமல் உருண்டு நிற்கும். உருண்ட துளி ஒரு லென்ஸ். அது சூரிய ஒளியைக் குவித்து, பின்னால் உள்ள இலையில் ஒரு சின்னப் பொட்டாக விழச் செய்கிறது. பொட்டிலிருந்து சிதறும் ஒளியில் ஒரு பங்கு அதே துளிக்குள் நுழைந்து, வந்த வழியே சூரியன் இருக்கும் திசைக்குத் திரும்புகிறது. தண்ணீர்த் துளியில் ஒளி குவியும் இடம், துளியின் பின்பக்கத்திலிருந்து ஏறக்குறைய ஓர் ஆரம் தள்ளி இருக்கிறது. இலை அதைவிடக் கிட்டே இருப்பதால் பொட்டு கொஞ்சம் கலங்கலாகத்தான் விழும். திரும்பும் ஒளியும் சில பாகை விரிந்து வரும். இந்தக் குறைதான் நமக்கு வசதி. ஒளி இம்மி பிசகாமல் திரும்பினால் அத்தனையும் சூரியனைப் பார்த்தே போய்விடும், நம் கண்ணுக்கு ஒன்றும் மிஞ்சாது.

சூரியன், உங்கள் கண், கண்ணின் நிழல் விழும் இடம் மூன்றும் ஒரே கோட்டில் இருக்கின்றன. வட்டம் தலையைப் பிடித்துக்கொண்டு நிற்பது அதனால்தான். அண்ணனின் தலையைச் சுற்றி எழும் ஒளி அவர் கண்ணுக்குத்தான் போகும். செல்போனை இடுப்பருகே பிடித்துப் படமெடுத்துப் பாருங்கள். படத்தில் ஒளிவட்டம் போனின் நிழலைச் சுற்றித்தான் விழும். ராத்திரி மடை பார்க்கப் போகிறவர் டார்ச்சை நெற்றியருகே பிடித்து அடித்தால் மாட்டின் கண் பளீரென்று தெரிவதும், சாலைக் கோட்டில் பதித்த கண்ணாடி மணிகள் வண்டி வெளிச்சத்தில் மின்னுவதும் இதே வகைதான்.

அறுப்பு முடிந்து காய்ந்து நிற்கும் தாளிலும் இந்த வெளிச்சம் மங்கலாகத் தெரியும். அங்கே துளி கிடையாது. சூரியனை முதுகுக்கு நேர் பின்னால் வைத்துப் பார்க்கும்போது ஒவ்வொரு தாளும் தன் நிழலைத் தானே மறைத்துக்கொள்கிறது. நிழல் கண்ணில் படாத இடம் வெளுப்பாகத் தெரிகிறது, அவ்வளவுதான். முழு நிலவு அரை நிலவைப் போல இரண்டு மடங்கு வெளிச்சம் தராமல் சுமார் பத்து மடங்கு தருவதற்கும் இது ஒரு முக்கியக் காரணம். பௌர்ணமியன்று சூரியன் நமக்குப் பின்னால் இருப்பதால், நிலவின் மேடு பள்ளங்களின் நிழல் நமக்குத் தெரிவதில்லை.

ஒளிவட்டத்தில் நிறம் இருக்காது. நிறம் வேண்டுமென்றால், கையை நீட்டி விரல்களை விரித்து, தலை நிழலிலிருந்து இரண்டு சாண் தள்ளி அளந்துகொள்ளுங்கள். கிட்டத்தட்ட 42 பாகை, வானவில்லின் கோணம். அந்தத் திசையில் பக்கத்திலுள்ள இலையில் நல்ல உருண்டையான துளி ஒன்றைத் தேடுங்கள். அப்புறம் தலையை லேசாக அசைத்தால் அது சிவப்பு, பச்சை, நீலம் என்று மாறும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பது நல்லது. கிட்டத்தில் உள்ள துளி ஒரே நேரத்தில் இடக் கண்ணுக்கு ஒரு நிறமும் வலக் கண்ணுக்கு வேறு நிறமும் அனுப்பும்.