சியர்லீடிங் சீருடையைப் பார்த்து அதேபோல் தைக்கலாமா? அமெரிக்கக் காப்பிரைட் சட்டம் சொல்வது

பிள்ளை சியர்லீடிங் அணியில் (விளையாட்டுப் போட்டிகளில் ஆடிப்பாடி உற்சாகப்படுத்தும் குழு) சேர்ந்ததும், அமெரிக்காவில் இருக்கும் பெற்றோரைத் திடுக்கிட வைப்பது சீருடையின் விலை. அணிக்குப் பணம் திரட்டும் பூஸ்டர் கிளப் கூட்டத்தில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: "பக்கத்து ஊர் அணி போட்டிருந்ததே, அதே மாதிரி வேறு இடத்தில் மலிவாகத் தைத்துக்கொண்டால் என்ன?"

காப்பிரைட் சட்டப்படி, சட்டையின் வெட்டு, பாவாடையின் மடிப்பு, கழுத்தின் வடிவம், அளவு இவற்றைப் பார்த்துத் தைக்கத் தடையில்லை. துணியின் மேல் கோடு, பட்டை, வளைவு, வண்ணம் எல்லாம் சேர்ந்து ஒரு படம்போல் அமைந்திருந்தால், அந்தப் படத்தைக் காப்பியடிப்பதில்தான் சிக்கல். உடை வேறு, உடையின் மேலிருக்கும் படம் வேறு. இந்தப் பிரிவு பிடிபட்டுவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

அமெரிக்காவின் 1976 காப்பிரைட் சட்டம் ஓவியம், சிற்பம், வரைபடம் போன்றவற்றுக்குப் பாதுகாப்புத் தருகிறது. நாற்காலி, விளக்கு, உடை மாதிரி ஒரு வேலைக்காகப் பயன்படும் பொருள்களின் வடிவமைப்புக்குப் பொதுவாகத் தருவதில்லை. காரணம் நியாயமானதுதான். காப்பிரைட் மிக நீண்ட காலம் நிற்கும் உரிமை. சட்டைக் கையின் வெட்டுக்கு ஒருவர் அப்படி உரிமை வாங்கிவிட்டால் மற்ற தையற்காரர்கள் எங்கே போவது?

ஆனால் அந்தச் சட்டத்தின் 101-ஆம் பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. பயன்பாட்டுப் பொருளில் உள்ள ஓவிய, சிற்ப அம்சத்தைப் பொருளின் பயன்பாட்டிலிருந்து பிரித்து அடையாளம் காண முடிந்து, அது தனியாகவும் நிற்கக்கூடியது என்றால், அந்த அம்சத்துக்கு மட்டும் பாதுகாப்பு உண்டு. இந்த எண்ணம் 1976-க்கு முந்தையது. மேஜை விளக்கின் தாங்கியாக வைத்து விற்ற, நடனமாடும் ஆண், பெண் சிலைகளுக்குக் காப்பிரைட் உண்டு என்று 1954-லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் மேஸர் எதிர் ஸ்டைன் வழக்கில் சொல்லியிருந்தது. சிலையை விளக்கிலிருந்து பிரிப்பது சுலபம். உடையிலிருந்து கோட்டை எப்படிப் பிரிப்பது? கீழ் நீதிமன்றங்கள் ஆளுக்கொரு அளவுகோலை வைத்துக்கொண்டு பல ஆண்டுகள் திண்டாடின.

அந்தத் திண்டாட்டத்துக்கு முடிவு கட்டியது சியர்லீடிங் சீருடை வழக்குதான். வார்சிட்டி பிராண்ட்ஸ் இந்தத் துறையின் பெரிய நிறுவனம். சீருடைகளின் மேல் வரும் டிசைன்களுக்காக 200-க்கும் மேற்பட்ட காப்பிரைட் பதிவுகளை வைத்திருந்தது. ஸ்டார் அத்லெடிக்கா என்ற போட்டி நிறுவனம் தன் 5 டிசைன்களைக் காப்பியடித்துவிட்டதாக வார்சிட்டி வழக்குப் போட்டது. அந்த ஐந்திலும் இருந்தவை அம்புமுனைப் பட்டைகள், வளைந்த கோடுகள், குறுக்குக் கோடுகள், வண்ணக் கட்டங்கள். பார்த்தால் "இதற்கா இவ்வளவு சண்டை?" என்றுதான் தோன்றும்.

டென்னஸி மாவட்ட நீதிமன்றம் 2014-ல் ஸ்டார் பக்கம் நின்றது. அந்தக் கோடுகளும் பட்டைகளும் இல்லாவிட்டால் அது சியர்லீடிங் சீருடையே இல்லை, வெறும் வெள்ளைச் சட்டை. ஆகவே கோடுகள்தான் உடைக்கு அதன் வேலையைக் கொடுக்கின்றன, அவற்றைப் பிரிக்க முடியாது என்றது. அடுத்த ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தலைகீழாக்கியது. கடைசியில் 2017 மார்ச் 22 அன்று உச்ச நீதிமன்றம் 6-க்கு 2 என்ற கணக்கில் வார்சிட்டிக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது.

பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ். அவர் வைத்த சோதனையில் இரண்டு கேள்விகள். அந்த அம்சத்தைப் பொருளிலிருந்து வேறான ஒரு கலைப்படைப்பாகப் பார்க்க முடிகிறதா? மனத்தளவில் பிரித்தெடுத்துத் தாளிலோ திரையிலோ வைத்தால், அது காப்பிரைட் பெறத் தகுந்த ஓவியமாகவோ சிற்பமாகவோ நிற்குமா? இரண்டுக்கும் ஆம் என்றால் அந்த அம்சம் பாதுகாப்புக்குத் தகுதியுள்ளது. அதை எடுத்துவிட்ட பிறகு மிச்சமிருக்கும் வெள்ளைச் சட்டை சியர்லீடிங்குக்கு ஒத்துவருமா வராதா என்பது கேள்வியே இல்லை என்று தாமஸ் தெளிவாகச் சொல்லிவிட்டார். அதே தீர்ப்பில், அதே வெட்டிலும் வடிவத்திலும் அளவிலும் யார் வேண்டுமானாலும் சீருடை தைக்கலாம், அதை வார்சிட்டி தடுக்க முடியாது என்றும் இருக்கிறது. பெற்றோருக்கு உபயோகமான வரி இதுதான்.

நீதிபதி ஸ்டீவன் பிரையர் ஒப்புக்கொள்ளவில்லை. அவருடன் அந்தோனி கென்னடியும் சேர்ந்துகொண்டார். பிரையரின் வாதம் லேசுப்பட்டதல்ல. கோடுகளைப் பிரித்தெடுத்துத் தாளில் வைத்துப் பாருங்கள், கிடைப்பது ஒரு சீருடையின் படம்தானே என்றார். கோடுகள் சட்டையின் கழுத்தையும் இடுப்பையும் ஒட்டியே ஓடுகின்றன. அப்படியானால் சுற்றி வளைத்து உடைக்கே காப்பிரைட் கொடுத்ததாக ஆகாதா? பெரும்பான்மையின் பதில்: கிதாரின் முகப்பு முழுக்க ஓர் ஓவியம் வரைந்தால் அதைத் தாளுக்கு மாற்றும்போது கிதாரின் உருவரை தெரியத்தான் செய்யும், அதனால் ஓவியம் கிதாராகிவிடாது. நம் ஊர் வழக்கில் சொன்னால், வாசலின் அகலத்துக்குத் தக்கபடிதான் கோலம் விரியும், அதற்காகக் கோலம் வாசல் ஆகிவிடுமா? என் பார்வையில் பெரும்பான்மைச் சோதனை வழக்கறிஞர்களுக்கு வசதி, தையற்கடைக்காரருக்கு வசதியில்லை. எந்தக் கோடு படம், எந்தக் கோடு வெறும் தையல் ஓரம் என்று கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு முடிவு செய்வது கடினம். பிரையர் பயந்ததும் ஏறக்குறைய இதைத்தான்.

இனி, பலரும் தவறாகச் சொல்லும் இடம். "சியர்லீடிங் சீருடைக்குக் காப்பிரைட் உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது" என்று எழுதுகிறார்கள். நீதிமன்றம் அப்படிச் சொல்லவில்லை. பிரிக்க முடியும் என்று மட்டும் சொன்னது. அந்த 5 டிசைன்களில் போதிய சொந்தக் கற்பனை இருக்கிறதா என்பதில் கருத்துச் சொல்லவில்லை என்று அடிக்குறிப்பில் எழுதியே வைத்தது. பிறகு வழக்கு சமரசத்தில் முடிந்ததால் அந்தக் கேள்விக்குப் பதிலே வரவில்லை.

அது சின்னக் கேள்வி அல்ல. காப்பிரைட் கிடைக்க ஒரு துளியாவது சொந்தக் கற்பனை வேண்டும் என்பது 1991-ல் தொலைபேசி விவரத்தொகுப்பு பற்றிய ஃபைஸ்ட் வழக்கிலேயே முடிவான விஷயம். வெறும் வட்டம், முக்கோணம், ஒற்றை அம்புமுனை, நிறத்தை மட்டும் மாற்றுவது இவற்றை அமெரிக்கக் காப்பிரைட் அலுவலகம் பதிவு செய்வதில்லை. அவற்றைத் தேர்ந்து அடுக்கிய விதம் புதியதாக இருந்தால்தான் பேச்சு. ஆகவே மார்பில் ஒரு வி வடிவப் பட்டை, பாவாடை ஓரத்தில் இரண்டு கோடு என்ற அளவில் எளிய சீருடையைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. பட்டைகள் பின்னிப் பிணைந்து தோளிலிருந்து இடுப்புவரை ஒரு தனித்த கோலமாக ஓடினால் கையை வைக்காமல் இருப்பது நல்லது.

இந்தச் சோதனை சீருடையோடு நிற்கவும் இல்லை. 2019-ல் மூன்றாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு ஹாலோவீனுக்குப் போடும் வாழைப்பழ வேஷ உடை வந்து சேர்ந்தது. கை, கால், முகத்துக்கான ஓட்டைகளை விட்டுவிட்டு, பழத்தின் வளைவும் நிறமும் கருப்பு நுனிகளும் சேர்ந்த வடிவத்தைத் தனிச் சிற்பமாகக் கற்பனை செய்ய முடியும், அதற்குப் பாதுகாப்பு உண்டு என்றார்கள் நீதிபதிகள். வாழைப்பழ உடையை வேறு பல விதங்களிலும் செய்ய முடியும் என்பதும் தீர்ப்புக்கு ஒரு காரணம்.

சரி, நடைமுறைக்கு வருவோம். "30 சதவீதம் மாற்றிவிட்டால் காப்பி ஆகாது" என்று சொல்பவரை நம்பாதீர்கள். அப்படி ஒரு விதி சட்டத்தில் இல்லை. மூல டிசைனைப் பார்த்து, அதன் சாரத்தை எடுத்திருக்கிறீர்களா என்பதைத்தான் நீதிமன்றம் பார்க்கும். சிவப்பை நீலமாக்குவதும், பள்ளியின் பெயரை மாற்றுவதும் பெரிதாக உதவாது. ஒருவரை ஒருவர் பார்க்காமல் தற்செயலாக ஒரே மாதிரி வரைந்திருந்தால் அது மீறல் ஆகாது. ஆனால் போட்டி நிறுவனத்தின் கேட்டலாக் பக்கத்தைப் படமெடுத்துத் தையற்கடைக்கு அனுப்பியிருந்தால் அந்த வாதத்தை மறந்துவிட வேண்டியதுதான். தைத்தவர் மட்டுமல்ல, காப்பியடித்துத் தரச்சொல்லி ஆர்டர் கொடுத்தவரும் மாட்டலாம். பழைய அசல் சீருடைகளை வாங்குவதிலும் அடுத்த ஆண்டு அணிக்கு விற்பதிலும் எந்தத் தடையும் இல்லை. செலவைக் குறைக்க இதைவிட நிம்மதியான வழி எனக்குத் தெரியவில்லை.

டிசைனை உருவாக்கியவர் பக்கத்துக்கும் சில விவரங்கள். காப்பிரைட் வரைந்த உடனே வந்துவிடும், ஆனால் அமெரிக்கப் படைப்புக்கு வழக்குப் போட முதலில் பதிவு வேண்டும். மீறல் தொடங்கும் முன்போ, வெளியிட்ட 3 மாதத்துக்குள்ளோ பதிவு செய்திருந்தால், நஷ்டத்தைக் கணக்குக் காட்டாமலே ஒரு படைப்புக்கு 750 முதல் 30,000 டாலர் வரை கேட்கலாம். வேண்டுமென்றே செய்தது என்றால் 1,50,000 வரை போகும். வழக்குப் போட 3 ஆண்டு அவகாசம். நீதிமன்றச் செலவு கட்டுப்படியாகாதவர்களுக்காக 2022 முதல் காப்பிரைட் கிளெய்ம்ஸ் போர்டு என்ற சிறு வழக்கு மன்றம் நடக்கிறது. உச்சவரம்பு 30,000 டாலர். எதிர்த்தரப்பு விரும்பினால் விலகிக்கொள்ளலாம் என்பது அதன் பலவீனம். உரிமைக் காலம் தனிநபருக்கு ஆயுளும் அதன்பின் 70 ஆண்டும். நிறுவன ஊழியர் வரைந்தது என்றால் வெளியிட்டதிலிருந்து 95 ஆண்டு அல்லது உருவாக்கியதிலிருந்து 120 ஆண்டு, எது முந்தி முடிகிறதோ அது.

காப்பிரைட்டைத் தாண்டிவிட்டால் எல்லாம் முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம். புதுமையான வெட்டுக்கு டிசைன் பேட்டன்ட் (தோற்றத்துக்கான காப்புரிமை) வாங்கியிருக்கலாம். அது 15 ஆண்டு நிற்கும். அப்புறம் டிரேட்மார்க். டல்லாஸ் கவ்பாய்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் சியர்லீடர்களின் நீல மேல்சட்டை, நட்சத்திரம் வைத்த வெள்ளை வெஸ்ட், வெள்ளை அரைக்கால் சட்டை, வெள்ளை பூட்ஸ் எல்லாம் சேர்ந்த தோற்றமே அணியின் அடையாளம் என்று 1979-ல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்று, அதைப் பயன்படுத்திய ஒரு சினிமாவுக்குத் தடை போட்டது. பள்ளியின் சின்னமும் விலங்கு முத்திரையும் இதே வகையில்தான் வரும்.

மலிவுக்காகத் திருப்பூரில் தைத்து வரவழைக்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. இந்தியச் சட்டம் வேறு மாதிரி. 1957 காப்பிரைட் சட்டத்தின் 15-ஆம் பிரிவுப்படி, டிசைன் சட்டத்தில் பதியக்கூடிய ஒன்றைப் பதியாமல் விட்டு, அதைப் பொருளில் இயந்திர முறையில் 50 தடவைக்கு மேல் உருவாக்கிவிட்டால் அதன் காப்பிரைட் போய்விடும். பதிந்திருந்தால் டிசைன் சட்டத்தின் பாதுகாப்பு 10 ஆண்டு, நீட்டித்தால் மேலும் 5 ஆண்டு. ஆனால் சரக்கு அமெரிக்காவுக்குள் வரும்போது பார்க்கப்படுவது அமெரிக்கச் சட்டம். உரிமையாளர் தன் பதிவை அமெரிக்கச் சுங்கத்துறையிடம் பதிந்து வைத்திருந்தால் பெட்டி துறைமுகத்திலேயே நிற்கலாம்.

இதெல்லாம் வேண்டாம், சொந்தமாகவே ஒரு டிசைன் போட்டுக்கொள்வோம் என்று முடிவெடுத்தால் ஒரு காகித வேலை பாக்கியிருக்கிறது. அணிக்காக வரைந்து கொடுத்தவர் உங்கள் சம்பள ஊழியர் இல்லை என்றால், அவர் தன்னார்வப் பெற்றோராக இருந்தாலும் காப்பிரைட் அவருடையதுதான். வாய்ச்சொல்லில் உரிமை கைமாறாது. எழுதிக் கையெழுத்துப் போட்ட தாள் வேண்டும். முதல் ஆர்டர் போகும் முன்பே அதை வாங்கிவிடுங்கள். மூன்று வருஷம் கழித்து அவர் பிள்ளை வேறு அணிக்கு மாறிய பிறகு போய்க் கேட்டால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.