புரொபேஷன்: நர்ஸ் உரிமத்துக்குத் ‘தகுதிகாண் பருவம்’ பொருந்தாது

அமெரிக்காவில் ஒரு நர்ஸ் மீது, உரிமம் கொடுக்கும் மாநில நர்சிங் வாரியம் ‘புரொபேஷன்’ (probation) என்ற நடவடிக்கை எடுத்தால், தமிழில் அந்தச் செய்தி ‘தகுதிகாண் பருவத்தில் வைக்கப்பட்டார்’ என்று வந்து நிற்கிறது. பல வருடம் வார்டில் வேலை பார்த்தவருக்கு எதற்குத் தகுதிகாண் பருவம்? புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் போலிருக்கிறது என்றுதான் படிப்பவர் நினைப்பார்.

புரொபேஷன் என்பதன் லத்தீன் வேருக்குச் சோதித்துப் பார்த்தல் என்று பொருள். 1841இல் பாஸ்டனில் ஜான் அகஸ்டஸ் என்ற பூட்ஸ் தைப்பவர், குடித்ததற்காகப் பிடிபட்ட ஒருவரைத் தன் பொறுப்பில் ஜாமீனில் எடுத்தார். குற்றவாளியைச் சிறைக்கு அனுப்பாமல் நிபந்தனையோடு வெளியே விடும் நீதிமன்றப் புரொபேஷன் அங்கிருந்து வளர்ந்தது.

‘தகுதிகாண் பருவம்’ நம் அரசுப் பணி விதிகளின் சொல். வேலைக்கு வந்தவர் நிரந்தரமாவதற்கு முன் கழிக்கும் காலம் அது. அதில் தண்டனை ஏதும் இல்லை. வாரியம் போடும் புரொபேஷன் தண்டனையின் ஒரு படி. கலிபோர்னியாவின் உத்தரவுகளைப் பாருங்கள்: உரிமம் ரத்து என்று முதலில் எழுதி, அந்த ரத்தை நிறுத்திவைத்து, பெரும்பாலும் 3 ஆண்டு புரொபேஷன் கொடுப்பார்கள். நர்ஸ் வேலை பார்க்கலாம். ஆனால் எங்கே சேர்ந்தாலும் வாரியத்தின் ஒப்புதல் வேண்டும், மேற்பார்வை இருக்கும், ஏஜென்சி மூலம் ஊர் ஊராகப் போய்ப் பார்க்கும் வேலை கூடாது. நிபந்தனையை மீறினால் நிறுத்திவைத்த ரத்து உயிர்பெறும். இதில் தகுதி காண்பது எங்கே இருக்கிறது?

‘நன்னடத்தைக் காலம்’ என்பார்கள் சிலர். நீதிமன்றத்துக்கு அது சரி. மருந்துக் கணக்கைச் சரியாக எழுதாத நர்ஸுக்கு அதைப் போட்டால் குற்றவாளி முத்திரை விழுகிறது. ‘கண்காணிப்புக் காலம்’ என்றால் போதும். நடப்பது அதுதான், யாருக்கும் புரியும்.

மற்ற படிகளும் இதே கதிதான். கண்டனம், இடைநிறுத்தம், ரத்து மூன்றும் வேறு வேறு; நம் செய்திகளில் எல்லாம் ‘உரிமம் ரத்து’. உரிம இடைநிறுத்தத்தைப் ‘பணியிடை நீக்கம்’ என்று எழுதுவது இன்னும் மோசம். பணியிடை நீக்கம் செய்வது ஆஸ்பத்திரி. உரிமத்தை நிறுத்துவது வாரியம்.

டென்னசியில் மருந்து மாற்றிக் கொடுத்து நோயாளி இறந்த வழக்கில், வாரியம் 2021இல் நர்ஸின் உரிமத்தை ரத்து செய்தது. 2022இல் நீதிமன்றம் 3 ஆண்டு புரொபேஷன் விதித்தது. இங்கே ‘நன்னடத்தைக் காலம்’ பொருந்தும். அவர் சிறைக்குப் போகவில்லை, ஆனால் அந்தப் புரொபேஷனால் உரிமம் திரும்பவில்லை. இதையும் ‘தகுதிகாண் பருவம்’ என்று எழுதினால் அவர் வார்டுக்குத் திரும்பிவிட்டதாக அர்த்தமாகிவிடும். மொழிபெயர்ப்பவர்கள் அகராதியைப் புரட்டும் முன், உத்தரவு போட்டது யார் என்று பார்க்க வேண்டும்: வேலை கொடுத்தவரா, நீதிபதியா, வாரியமா?