லேக்ஹவுஸ்: ஏரி வீடா, ஏரிக்கிடங்கா?

தரவைச் சேமித்து ஆராயும் ஒருவகைக் கணினி அமைப்பான ‘லேக்ஹவுஸ்’ என்பதை ‘ஏரி வீடு’ என்று எழுதுவதை இனியும் பொறுத்துக்கொள்ள முடியாது. அந்தச் சொல்லில் வீடே இல்லை.

தரவை ஒழுங்குபடுத்தி அட்டவணைகளாக வைக்கும் டேட்டா வேர்ஹவுஸ் 1990களில் பில் இன்மனின் நூல் வழியே பரவியது. தரவை வந்தபடியே கோப்புகளாகக் கொட்டிவைக்கும் இடத்துக்கு ஜேம்ஸ் டிக்சன் 2010இல் வைத்த பெயர் டேட்டா லேக். இரண்டையும் ஒட்டிய லேக்ஹவுஸை 2020 முதல் டேட்டாபிரிக்ஸ் நிறுவனம் பரப்பியது. அதிலுள்ள ‘ஹவுஸ்’ வேர்ஹவுஸின் வால். வேர்ஹவுஸைத் தமிழில் யாரும் ‘சரக்கு வீடு’ என்பதில்லை. தரவுக் கிடங்கு என்றே சொல்கிறோம். வால் மட்டும் எப்படி வீடானது?

சிலர் ‘ஏரியகம்’ என்கிறார்கள். நூலகம், காப்பகம் போல அகம் இடத்தைக் குறிக்கும், இலக்கணப்படி குறையில்லை. ஆனாலும் கிடங்கோடு உள்ள உறவு அதிலும் அறுந்துபோகிறது. பொருளே அந்த உறவில்தான் இருக்கிறது. ஏரியில் பார்க்கே என்ற வடிவத்தில் தரவுக் கோப்புகள் மலிவாகக் கிடக்கும். ஆனால் எழுதும் வேலை பாதியில் நின்றால் அரைகுறைக் கோப்புகளையும் சேர்த்தே வாசிக்க நேரும். லேக்ஹவுஸ் அமைக்க உதவும் டெல்டா லேக், ஐஸ்பெர்க், ஹூடி மூன்றும் அதே கோப்புகளுக்கு மேல் ஒரு கணக்கேடு வைக்கின்றன: இந்த நொடியில் அட்டவணையில் சேர்ந்த கோப்புகள் இவை மட்டும். ஏட்டில் ஏறாத கோப்பு வாசிப்பவர் கண்ணில் படாது. இருப்புப் பதிவேடு கிடங்குக்கு உரியது, வீட்டுக்கு அல்ல. போதாக்குறைக்கு, கிடங்கு என்பதற்கு அகழி, குளம் என்ற பழம்பொருளும் உண்டு. ஆகவே ஏரிக்கிடங்கு.

மொழிபெயர்ப்பவர்கள் சொல்லை இரண்டாக வெட்டி அகராதியில் தேடுகிறார்கள். அந்த அமைப்பு எப்படி இயங்குகிறது என்று பார்ப்பதில்லை. ‘வீடு’ என்று படிப்பவர் தரவையெல்லாம் புது இடத்துக்குக் குடிபெயர்க்க வேண்டும் என்று நினைப்பார். உண்மையில் பார்க்கே கோப்புகளை இருந்த இடத்திலேயே வைத்து டெல்டா லேக் அட்டவணையாக மாற்றலாம்.

எல்லோரும் ஏரிக்கிடங்குக்கு மாறவும் வேண்டாம். சில பத்து ஜிபி தரவு போஸ்ட்கிரெஸ் என்ற வழக்கமான தரவுத்தளத்தில் ஒழுங்காக ஓடினால் அங்கேயே இருக்கட்டும். பல குழுக்கள் பல மென்பொருள்களால் ஒரே கோப்புகளை வாசிக்கும்போதுதான் ஏரிக்கிடங்கு பயன்தரும். அதற்குப் பராமரிப்பு உண்டு. நிமிடத்துக்கொரு முறை எழுதினால் நாளுக்கு 1,440 பதிவுகள், குறைந்தது அத்தனை சிறு கோப்புகள். அவற்றைச் சேர்த்துப் பெரிதாக்காவிட்டால் வினவல், அதாவது தரவைக் கேட்டு எடுப்பது, மந்தமாகும். சேர்த்த பிறகும் பழைய கோப்புகள் தாமாக அழியாது, வேக்யூம் என்ற துப்புரவுக் கட்டளையை ஓட்ட வேண்டும். டெல்டாவில் பழைய கோப்பை அழிக்கும் முன் இயல்பாக 7 நாள் காத்திருப்பு. இடத்தை மிச்சம் பிடிக்க அதைச் சில நிமிடங்களாகக் குறைத்தால், நீண்ட வினவல் வாசித்துக்கொண்டிருக்கும் கோப்பே அழிந்து வினவல் முறியும்.